இரண்டாவது பிள்ளையும் தராசும்: குளத்து நீர்மட்டத்தை வைத்து ஒரு விளக்கம்

சாமத்திய வீடுகளில் பந்தலுக்குள் நடக்கும் சடங்கை விட, சமையல் கொட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிற பெண்களின் கதைதான் எனக்கு எப்போதும் சுவாரசியம். அண்மையில் பரந்தன் பக்கம் அப்படியொரு வீட்டில் இருந்தேன். என் மச்சாள் தன் ஐந்து வயது மகனைக் கையில் பிடித்தபடி வந்து, எல்லோரோடும் கதைத்துவிட்டுப் பந்தலுக்குப் போனாள். அவள் முதுகு மறைந்ததும் தீர்ப்புகள் தொடங்கின.

"பிள்ளை நல்லா உடம்பு வைச்சிட்டாள். கொழுப்பு கருப்பையை மூடிப்போட்டுது, அதுதான் அடுத்தது தங்கேல்லை" என்றார் பெரியம்மா. பக்கத்தில் இருந்த மாமி, "அவள் பரவாயில்லை. என்ர மருமகள் முதல் பிள்ளையோட காத்தாய்ப் போனாள். சத்தில்லாத உடம்பில பிள்ளை எப்பிடி நிக்கும்?" என்றார். மூன்றாவது குரல் ஒன்று முடித்து வைத்தது: "ஒருக்கால் பெத்தவளுக்கு ஏன் வராது? அவைக்கு விருப்பமில்லை."

முதல் இரண்டு பேரும் அரைவாசி சரி. மூன்றாவது ஆள் முழுக்கப் பிழை. ஆனால் மூன்று பேருமே நிறைக்கும் பிள்ளைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைத் தாண்டிப் போய்விட்டார்கள். கொழுப்பு கருப்பையை மூடுவதில்லை. மெலிந்த வயிற்றில் இருந்து பிள்ளை வழுகி விழுவதும் இல்லை. நிறையின் வேலை அதற்கு வெகு முன்னாலேயே, முட்டை வெளியே வருமா வராதா என்ற இடத்தில் நடக்கிறது.

குளத்தில் எத்தனை அடி?

இதை விளங்கிக்கொள்ள வன்னிக்காரருக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தையே எடுத்துக்கொள்வோம். சிறுபோகம் தொடங்க முன்னர் ஒரு கூட்டம் நடக்கும். அங்கே முதலில் கேட்கப்படுவது குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதுதான். அளவுகோலைப் பார்த்து, விதைத்த பயிரை அறுவடை வரை கொண்டுபோகத் தண்ணீர் காணுமா என்று கணக்குப் போட்டு, அதன் பிறகுதான் எத்தனை ஏக்கர் என்று முடிவாகும். தண்ணீர் குறைந்த வருடத்தில் வயல் எவ்வளவு நல்ல வயலாக இருந்தாலும் விதைப்பு இல்லை. இடையில் தண்ணீர் முடிந்து பயிர் கருகுவதை விட விதைக்காமல் விடுவது புத்தி.

பெண்ணின் உடம்பும் இதே கணக்கைத்தான் பார்க்கிறது. ஒரு பிள்ளையை வயிற்றில் வளர்த்துப் பெற, அவள் தனக்கென்று சாப்பிடுவதற்கு மேலாக ஏறத்தாழ 75,000 கலோரி வேண்டும். பத்துக் கிலோ கொழுப்பில் அடங்கியிருக்கிற சக்தி அது. பிறகு பாலூட்டும் காலத்தில் நாளுக்கு இன்னும் 500 கலோரி அளவில். இவ்வளவு பெரிய செலவைக் கையிருப்புப் பார்க்காமல் உடம்பு தொடங்காது. அந்தக் கையிருப்புத்தான் உடற்கொழுப்பு. நாங்கள் அதை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். உடம்புக்கு அது குளத்துத் தண்ணீர்.

மூளைக்குள் ஒரு கூட்டம்

குளத்துக்கு அளவுகோல் இருப்பது போல உடம்புக்கும் ஒன்று உண்டு. அதன் பெயர் லெப்டின். கொழுப்புக் கலங்கள் இரத்தத்துக்குள் விடுகிற ஓமோன் அது. ஓமோன் என்றால் உடம்பின் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தோடு போய், வேறோர் இடத்துக்குச் செய்தி சொல்கிற பொருள். கொழுப்பு கூடினால் லெப்டின் கூடும், குறைந்தால் குறையும். இதை நியூயோர்க்கில் 1994 இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை கொழுப்பைச் சும்மா கிடக்கிற மூட்டை என்றே பலர் நினைத்திருந்தார்கள்.

செய்தி போய்ச் சேரும் இடம் மூளையின் அடிப்பகுதியில் உள்ள பரிவகக்கீழ். கூட்டம் நடக்கிற மண்டபம் என்று வையுங்கள். நீர்மட்டம் காணும் என்று பட்டால், அது ஒன்று ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, துடிப்புத் துடிப்பாக, கீழே இருக்கிற கபச்சுரப்பிக்குக் கட்டளை அனுப்பும். கபச்சுரப்பி அந்தக் கட்டளையைச் சூலகங்களுக்குக் கடத்தும். சூலகம் என்பது முட்டைகள் இருக்கும் இடம், கருப்பையின் இரு பக்கமும் ஒவ்வொன்று. அங்கே ஒவ்வொரு மாதமும் பல முட்டைப் பைகள் வளரத் தொடங்கி, கடைசியில் ஒன்று மட்டும் முற்றி வெடித்து முட்டையை விடும். அதுதான் முட்டை வெளியேற்றம். அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்னர் இது நடக்கும். வெளியே வந்த முட்டை ஒரு நாள் அளவே உயிரோடு இருக்கும். விந்து ஐந்து நாள் வரை காத்திருக்கக் கூடியது.

இதெல்லாம் செய்தியின் விளையாட்டுத்தான், கிலோவின் விளையாட்டு இல்லை என்பதற்கு ஒரு விசித்திரமான சாட்சி இருக்கிறது. மிக அரிதாகச் சிலர் லெப்டினே சுரக்காமல் பிறக்கிறார்கள். அவர்கள் மிகவும் பருமனாகிறார்கள், ஆனால் பருவமடைவதில்லை. குளம் நிரம்பி வழிகிறது, அளவுகோலோ வெறுங்குளம் என்று காட்டுகிறது. லெப்டினை ஊசியாகக் கொடுத்ததும் பருவமாற்றம் தொடங்கிவிடுகிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: கொழுப்புத் தண்ணீர், லெப்டின் அளவுகோல், பரிவகக்கீழ் கூட்டம், சூலகம் வயல். நிறை நேரே வயலைத் தொடுவதில்லை. கூட்டத்தின் முடிவு வழியாகத்தான் தொடுகிறது.

தண்ணீர் இறங்கினால்

நிறை மிகக் குறையும்போது துடிப்புகளின் இடைவெளி கூடும், பிறகு நின்றே போகும். முட்டை வராது, மாதவிடாயும் வராது. நெதர்லாந்தில் 1944–45 பனிக்காலத்தில் ஜெர்மன் படைகள் உணவு போகும் வழியை அடைத்தபோது பெருந்தொகைப் பெண்களுக்கு மாதவிடாய் நின்றது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புப் பதிவுகள் பாதி அளவுக்கு விழுந்தன. உணவு திரும்பக் கிடைத்ததும் பதிவுகள் மறுபடி ஏறின.

இதை வாசித்தபோது எனக்கு 2009 தான் நினைவுக்கு வந்தது. கஞ்சிக்கு வரிசையில் நின்ற அந்த மாதங்களில் தனக்கு வரவேயில்லை என்று என் சின்னம்மா வெகுகாலம் கழித்துத்தான் சொன்னார். முகாமுக்கு வந்து, சோறு கிடைத்து, சில மாதத்தில் தானாக வந்ததாம். அந்த நேரம் அதைப் பற்றி யோசிக்கவில்லை என்றார். யோசிக்க வேறு நிறைய இருந்தது.

பட்டினி இல்லாத நாளிலும் இதன் சிறிய வடிவங்கள் நடக்கின்றன. காலை ஐந்து மணிக்கு எழும்பி, பிள்ளைக்குப் பால் கொடுத்து, வெறும் தேத்தண்ணியோடு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடித்து, இரவு மிஞ்சின சோற்றைச் சாப்பிடுகிற ஒரு தாய்க்குக் குளம் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். அவளுக்கு உடம்பில் பழுது எதுவும் இல்லை. துருசு, அதாவது குளத்துத் தண்ணீரை வயலுக்கு விடுகிற மதகு, சாத்தியிருக்கிறது, அவ்வளவுதான். சாப்பாடு கூடி நிறை ஏறினால் பெரும்பாலும் திறக்கும்.

வான் பாய்ந்தால்

அப்படியென்றால் கொழுப்பு கூடக் கூட நல்லதுதானே என்று கேட்கலாம். 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்தபோது கீழே என்ன நடந்தது என்று கிளிநொச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தண்ணீர் கூடினாலும் வயல் அழியும்.

இங்கே முக்கியமான ஆள் இன்சுலின். சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியைத் தசைக்கும் கொழுப்புக்கும் எடுத்துக்கொள்ளச் சொல்லி அறிவிக்கிற ஓமோன். கோயில் திருவிழாவுக்குப் பத்து நாளும் ஒலிபெருக்கி கட்டினால் மூன்றாம் நாளில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காது பழகிவிடும். அறிவிப்பு ஏறவில்லை என்று சத்தத்தை இன்னும் கூட்டுவார்கள். வயிற்றுப் பக்கம் கொழுப்புச் சேரும்போது தசையும் ஈரலும் இப்படித்தான் இன்சுலினுக்குக் காது மந்தமாகின்றன. இதற்குப் பெயர் இன்சுலின் எதிர்ப்பு. உடம்பு சத்தத்தைக் கூட்டும், அதாவது இன்சுலினை மேலும் மேலும் சுரக்கும்.

சிக்கல் என்னவென்றால் சூலகத்துக்குக் காது மந்தமாவதில்லை. அது முழுச் சத்தத்தையும் கேட்கிறது. அந்த இரைச்சலில் ஆண்களுக்குரிய ஓமோன்களைத் தேவைக்கு மேல் சுரக்கத் தொடங்கும். முட்டைப் பைகள் வளரத் தொடங்கும், ஒன்றும் முற்றாது, பாதி வழியில் நின்றுவிடும். ஸ்கானில் சின்னச் சின்ன வட்டங்களாகத் தெரிவது அவைதான். நாங்கள் நீர்க்கட்டி என்கிறோம். அந்தச் சொல்லே பலரைப் பயப்படுத்தி வைத்திருக்கிறது. கட்டி என்றால் வெட்ட வேண்டும், புற்றுநோய் என்றெல்லாம் ஓடுகிறது மனம். நிலத்தில் முளைத்து, பொத்திக்கு வராமல் நின்ற பயிர் என்று நினைத்தால் உண்மைக்குக் கிட்ட வரும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. கொழுப்புத் திசுவே கொஞ்சம் ஈஸ்ட்ரஜன் செய்யும். ஈஸ்ட்ரஜன் முற்றி வருகிற முட்டைப் பை வழமையாக விடுகிற ஓமோன். அது வேறு பக்கத்தில் இருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்தால் மூளை ஏமாந்து, முட்டை தயாராகிறது போலிருக்கு என்று தன் கட்டளையைக் குறைத்துவிடும்.

நிறை கூடிய எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. குண்டாக இருந்துகொண்டு மாதம் பிசகாமல் முட்டை விடுகிற பெண்கள் ஏராளம். தென்னாசியரான எங்களுக்கோ ஒப்பீட்டளவில் குறைந்த நிறையிலேயே இன்சுலின் எதிர்ப்பு வந்துவிடுகிறது. பார்வைக்குப் பூசினாற்போல் இருக்கிறவருக்கும் வரலாம்.

ஆக இரண்டு பக்கத்திலும் முடிவு ஒன்றுதான்: முட்டை வருவதில்லை, அல்லது எப்போதாவது வருகிறது. 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருகிறவருக்கு வருடத்தில் 13 வாய்ப்பு. 45 நாளுக்கு ஒருமுறை என்றால் 8 தான். அந்த எட்டிலும் சிலவற்றில் முட்டை இருக்காது.

முதலாவது பிறந்ததே, பிறகென்ன?

மூன்றாவது குரலுக்கு வருவோம். முதல் பிள்ளை பெற்ற உடம்பும் இன்றைய உடம்பும் ஒன்றல்ல. முதலாவதின்போது 50 கிலோவாக இருந்தவர் இப்போது 62. பேறுகாலத்தில் ஏறியது முழுதாக இறங்கவில்லை. பிள்ளை மிச்சம் விட்ட புட்டும் பிஸ்கற்றும் வீணாகக் கூடாதென்று அம்மாவின் வாய்க்குள் போகிறது. முன்னர் சைக்கிள் மிதித்துப் போன இடத்துக்கு இப்போது ஸ்கூட்டி. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. இதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை, எங்கள் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

வயதும் போயிருக்கிறது. 35 க்குப் பிறகு முட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் வேகமாக இறங்கும். இதற்கும் தராசுக்கும் சம்பந்தமில்லை.

பாலூட்டல் தன் பங்குக்கு மூளையின் துடிப்புகளை அடக்கி வைக்கும். பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குக் குறைவு, தாய்ப்பால் மட்டும், மாதவிடாய் திரும்பவில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் கரு தங்கும் வாய்ப்பு நூறில் இரண்டு அளவுக்கும் குறைவு. மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அந்தக் கணக்குச் செல்லாது. முதல் முட்டை, முதல் மாதவிடாய்க்கு முன்னரே வந்துவிடலாம். எதிர்பாராமல் தங்கிய பல பிள்ளைகளின் கதை இதுதான்.

பிறகு, எங்கள் பக்கத்தில் அதிகம் மறக்கப்படுகிற ஒன்று: மூன்று மாத ஊசி. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அதைப் போட்டவர்கள் நிறுத்தியதும் அடுத்த மாதமே தங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். கடைசி ஊசி போட்ட நாளில் இருந்து கரு தங்கச் சராசரியாகப் பத்து மாதம் வரை போகும். சிலருக்கு அதற்கு மேலும். ஊசிக் காலத்தில் சிலருக்கு நிறையும் ஏறும். ஆகவே ஏறிய நிறை, வராத மாதவிடாய், தங்காத பிள்ளை எல்லாம் ஒன்றாகத் தெரியும்போது, ஊர் பழியை நிறை மேல் போட்டுவிடும். கையில் வைக்கிற குச்சிகளும் லூப்பும் அப்படியில்லை, எடுத்ததும் பழைய நிலை சீக்கிரம் திரும்பும்.

தைரொயிட் சுரப்பியையும் சொல்லிவிட வேண்டும். கழுத்தின் முன்பக்கம் இருந்து உடம்பின் வேகத்தை நடத்துகிற சுரப்பி. பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் சிலருக்கு இது குழம்பும். அது மந்தமானால் நிறை ஏறும், மாதவிடாய் தவறும், சோர்வும் மறதியும் வரும். அங்கே நிறை காரணம் இல்லை, நிறையும் ஒரு விளைவுதான். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குளிசையும் இருக்கிறது.

தராசை எப்படி வாசிப்பது

கிலோவை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, உயரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கான கணக்கு உடற்திணிவுச் சுட்டி: கிலோவில் நிறையை, மீற்றரில் உயரத்தின் வர்க்கத்தால் பிரிப்பது. ஐந்தடிப் பெண் ஒருவரின் உயரம் 1.52 மீற்றர், அதன் வர்க்கம் 2.31. அவர் 42 கிலோ என்றால் சுட்டி 18.2, 50 என்றால் 21.6, 62 என்றால் 26.8. உலக அளவில் 18.5 க்குக் கீழே குறைவு, 25 க்கு மேலே அதிகம். ஆசியருக்கு 23 இலிருந்தே கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னது. தையல் நாடாவால் இடுப்பையும் அளந்து பாருங்கள். எங்கள் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் கொழுப்பு வயிற்றுக்குள் சேர்கிறது என்று பொருள்.

ஆனால் என்னைக் கேட்டால், தராசுக்கு முன் பார்க்க வேண்டியது சுவரில் தொங்குகிற கலண்டரை. 21 முதல் 35 நாளுக்குள் ஒழுங்காக வருகிறதென்றால் முட்டை பெரும்பாலும் வருகிறது. அப்போது இரண்டு, மூன்று கிலோவை நினைத்து நித்திரை கெடுக்கத் தேவையில்லை, காரணம் வேறெங்கோ இருக்கலாம். கலண்டர் குழம்பியிருந்தால்தான் தராசுக்கு வேலை.

எவ்வளவு மாற வேண்டும்?

நிறை கூடி முட்டை தவறுகிறவர்களில் பலருக்கு, இருக்கிற நிறையில் 5 முதல் 10 வீதம் குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்கும். 62 கிலோக்காரருக்கு மூன்று முதல் ஆறு கிலோ. கலியாணத்துக்கு முன் தைத்த சட்டை பொருந்தும் வரை குறைக்க வேண்டியதில்லை. தேத்தண்ணிச் சீனி, பாண், பிஸ்கற், சோடா ஆகியவற்றில் முதலில் கை வையுங்கள். சோற்றுக் குவியலைக் குறைத்து, பயறு, கௌபி, மீன், முருங்கையிலை, வல்லாரை பக்கம் கோப்பையைச் சாய்க்கலாம். பின்னேரம் அரை மணித்தியாலம் வேகமாக நடந்தால், நிறை இறங்கு முன்னரே தசையின் காது கொஞ்சம் திறக்கும்.

ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைக்கிறோம் என்று வருகிற தூள்களையும் பட்டினித் திட்டங்களையும் விட்டு விலகுங்கள். திடீரென்று தண்ணீர் இறங்கினால் கூட்டம் பயந்து துருசைச் சாத்தும் என்பதைத்தான் இவ்வளவு நேரமும் சொன்னேன்.

மெலிந்தவர்களுக்கு நேரெதிர். மூன்று நேரமும் தவறாமல் சாப்பிடுவது, இடையில் கச்சான், முட்டை, உழுத்தங்களி, வாழைப்பழம். நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களியைக் குமர்ப்பிள்ளைக்கு ஊட்டிய எங்கள் ஆச்சிமாருக்கு லெப்டின் தெரியாது, குளத்தை நிரப்பத் தெரிந்திருந்தது.

வயது 37, 38 ஆனவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. நிறை குறைந்த பிறகு வைத்தியரிடம் போகலாம் என்று இரண்டு வருடம் தள்ளிப் போடாதீர்கள். நிறையைக் குறைத்த பின்பே சிகிச்சை என்று ஒழுங்கு செய்து பார்த்த ஆய்வொன்று, அப்படிச் செய்ததால் கூடுதலாகப் பிள்ளைகள் பிறக்கவில்லை என்று 2016 இல் காட்டியது. அதுவும் நெதர்லாந்தில்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம்.

மற்றப் பாதி

இவ்வளவு எழுதியும் ஆண்களைப் பற்றி ஒரு வரி வரவில்லை, கவனித்தீர்களா? சமையல் கொட்டில் கதையிலும் வரவில்லை. பிள்ளை தங்காத தம்பதிகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. முதல் பிள்ளைக்கு அப்பா என்பதால் இன்றும் எல்லாம் சரி என்று இல்லை. ஆணுக்கு வண்டி, அதாவது தொந்தி, வைத்தால் அந்தக் கொழுப்பும் ஈஸ்ட்ரஜன் செய்யும், ஆண் ஓமோன் இறங்கும், விந்தின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறையலாம். சிகரெட்டும் சாராயமும் அதற்கு மேல். ஒரு விந்து உருவாகி வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். ஆகவே இன்று விட்ட பழக்கத்தின் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ஆணுக்கான முதல் பரிசோதனை பெண்ணுக்கானதை விட எவ்வளவோ சுலபம். இருந்தும் அதற்கு ஆளைக் கூட்டிப் போவது வான்கதவு திறப்பதை விடக் கடினம்.

எப்போது, எதைக் கொண்டு போவது

முந்திய பிள்ளை பிறந்து இரண்டு வருடமாவது இடைவெளி விட்டு அடுத்தது தங்குவது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதன் பிறகு முயற்சி செய்கிறவர், 35 வயதுக்குக் கீழென்றால் ஒரு வருடமும், மேலென்றால் ஆறு மாதமும் பார்க்கலாம். மாதவிடாய் மூன்று மாதமாக வரவில்லை, அல்லது 35 நாளைத் தாண்டித் தாண்டி வருகிறது என்றால் அவ்வளவு காத்திருக்க வேண்டாம். முதல் பேறுகாலத்தில் சீனி கூடியிருந்தவர்கள் எப்படியும் ஒருமுறை இரத்தத்தில் சீனி பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்; பச்சைப் பிள்ளையோடு யார் போனார்கள்?

தொடங்குகிற இடம் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், நாங்கள் மிட்வைவ் என்று சொல்கிறவர். நிறை, உயரம், பிரஷர் பார்த்து, போலிக் அமிலக் குளிசையைப் பற்றியும் சொல்வார். பிள்ளை தங்கிய பிறகு இல்லை, தங்க முன்னரே தொடங்க வேண்டிய குளிசை அது. தேவையென்றால் எம்.ஓ.எச்., அதாவது சுகாதார வைத்திய அதிகாரியின் கிளினிக் வழியாகப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கிடைக்கும்.

போகும்போது கடைசி ஆறு மாதவிடாய்த் திகதிகளை ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் பிள்ளையின் கிளினிக் கார்ட், ஊசி போட்டிருந்தால் கடைசியாகப் போட்ட திகதி, குடிக்கிற குளிசைகள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்கூட்டியில் பின்னுக்கு இருந்து வந்தாலும் பரவாயில்லை.